பெரிய கோயில் விமானம் முங்குமா, முங்காதா?

தலையாட்டி (தஞ்சாவூர்):
நேற்று நம்ம மதிலழகு ஒரு பதிவு போட்டிருந்தார். 1995-ல் வந்த ‘வாட்டர்வேர்ல்ட்’ படம் தீர்க்கதரிசனமாம். பனி உருகி உலகமே கடலான மாதிரி நாளைக்கு டெல்டாவும் ஆகுமாம். “பெரிய கோயில் கலசம்கூட வெளியே தெரியாது” என்று வேறு முடித்திருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு ராத்திரி இரண்டேகால் மணி நேரத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன். படமா அது? பதினேழரைக் கோடி டாலர் செலவாம், அதுவரை யாரும் ஒரு படத்துக்கு அவ்வளவு கொட்டியதில்லை. கொட்டியதெல்லாம் திரையில் துருவாகத்தான் தெரிகிறது. துரு, தகரம், கிழிந்த வலை, திரும்பவும் துரு. கதாநாயகனுக்குக் காதுக்குப் பின்னால் செவுள், கால் விரலுக்கு நடுவில் சவ்வு. சொந்த மூத்திரத்தை வடிகட்டிக் குடிப்பதில்தான் படமே ஆரம்பம். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கணக்கு? பூமியில் இருக்கிற பனி மொத்தமும் உருகினாலும் கடல் 70 மீட்டர்தான் ஏறும். தஞ்சாவூர் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர். கோயிலில் 10 மீட்டர் தண்ணீர் நிற்கும். நந்தி முங்கும், ஒத்துக்கொள்கிறேன். விமானம் 216 அடி. முங்காது.

மதிலழகு (மன்னார்குடி):
சார், நான் சொன்னது உவமை. படத்தில் கதாநாயகன் ஒரு ஜாடி மண்ணைக் கொண்டுவந்து விற்கிறானே, ஊரே வாயைப் பிளக்கிறதே, அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினீர்களா? வண்டலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவனுக்கு அது உறைக்கும். உங்களுக்கு விமானம்தான் முக்கியம். சரி, 60 மீட்டர் என்று யார் அளந்தது?

தலையாட்டி:
ஜங்ஷனில் மஞ்சள் போர்டு இருக்கிறது. ரயில்வேக்காரன் அளந்தது. உவமைக்குக் கலசம் எதற்கு? போன மாதம் கமலாலயம் பெரிசா, ஹரித்ரா நதி பெரிசா என்று நடந்த சண்டையிலும் மாட்டிக்கொண்டதும் “உவமை” என்றுதான் ஓடினீர்கள்.

தேரழகு (திருவாரூர்):
குளத்துப் பஞ்சாயத்தை இங்கே இழுக்காதீர்கள். அதில் ஜெயித்தது நாங்கள்.

மதிலழகு:
யார் ஜெயித்தது? அப்புறம், மஞ்சள் போர்டு ஸ்டேஷனுக்குத்தான் சார். கோயில் பக்கம் அகழி. பள்ளம். உங்கள் கணக்கில் எத்தனை மீட்டரைக் கழித்தீர்கள்?

தலையாட்டி:
அகழி கோயிலுக்கு வெளியே. விமானம் கோயிலுக்கு உள்ளே. அகழியிலா விமானத்தைக் கட்டினான் ராஜராஜன்?

மலைக்கோட்டை (திருச்சி):
எங்கள் ஊர் 80 மீட்டருக்கு மேல். தண்ணீர் வந்தால் எல்லாரும் கிளம்பி வாருங்கள். உச்சிப்பிள்ளையார் கோயிலில் துண்டு போட்டு வைக்கிறேன்.

தலையாட்டி:
டெல்டாக்காரர்கள் பேசுகிற இடத்தில் திருச்சிக்கு என்ன வேலை? டெல்டாவைக் காக்க 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்திலேயே உங்கள் மாவட்டம் கிடையாது.

மலைக்கோட்டை:
முக்கொம்பில் நாங்கள் காவிரியைப் பிரித்து விடாவிட்டால் தெரியும் உங்கள் டெல்டா.

தலையாட்டி:
2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கம் 9 மதகைப் பறிகொடுத்துவிட்டு நின்றீர்களே, அந்த முக்கொம்புதானே?

தேரழகு:
படத்துக்கு வருவோமா? மிதக்கிற அந்தத் தகரக் கோட்டையை ஜெட் ஸ்கீயில் வந்து தாக்குகிறார்களே, சாய்வுப் பலகையில் ஏறி மதிலுக்கு மேல் பறந்து உள்ளே விழுகிறார்களே, அதற்கே காசு சரியாகப் போச்சு. கணக்குதான் வேண்டும் என்றால் இதையும் கேளுங்கள். கடலடியில் முங்கிக் கிடக்கும் ஊர் டென்வர் என்பார்கள். நிஜத்தில் அது 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதையே முங்கடித்த இயக்குநருக்கு உங்கள் விமானம் ஒரு பொருட்டா?

தலையாட்டி:
அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! படம் பொய். ஆகவே விமானம் முங்காது.

மதிலழகு:
படம் பொய் என்றால் போர்டு உண்மையாகிவிடுமா?

விளக்கழகு (வேதாரண்யம்):
கலசத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எங்களுடையது கடைமடை. கடலுக்கு மேல் எத்தனை மீட்டர் என்று கேட்டால் சிரிப்பீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா போன பிறகு கொல்லையில் 40 தென்னையில் 3 நின்றது. அதிலும் ஒன்றுக்குத் தலை இல்லை. அடிபம்பை அடித்து, வந்த தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்தேன். கரித்தது. இந்தப் படத்தில் அவன் படகில் ஒரு எலுமிச்சைச் செடி வைத்திருப்பான். வடிகட்டின தண்ணீரில் ஒரு வாய் கொப்பளித்து அதற்குத் துப்புவான். அந்த ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்றது குப்பை.

தலையாட்டி:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணே. ஆனால் நீங்கள் சொல்வதிலிருந்தே தெரிகிறதே, தாழ்வான ஊர் வேறு, தஞ்சாவூர் வேறு. விமானம் முங்காது.

விளக்கழகு:
ஆறுதல் சொல்கிற லட்சணமா இது?

மலைக்கோட்டை:
அண்ணே, நீங்கள் வாருங்கள். துண்டு உங்களுக்குத்தான். தஞ்சாவூர்க்காரருக்கு இடம் இல்லை.

தலையாட்டி:
யாரும் கேட்கவில்லை. நாளைக் காலையில் ஜங்ஷனுக்குப் போய் போர்டைப் படம் எடுத்துப் போடுகிறேன். அதோடு மதிலழகு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மதிலழகு:
போடுங்கள். அப்படியே அகழிக்குள் இறங்கி ஒரு டேப்பையும் பிடித்துவிட்டு வாருங்கள்.

தேரழகு:
படம் உண்மையிலேயே யாருக்கும் பிடிக்கவில்லையா?

தலையாட்டி:
காலை ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். போர்டை மறைத்துக்கொண்டு சரக்கு வண்டி நிற்கிறது. முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன், நகரவில்லை. சாயங்காலம் மறுபடி போகிறேன். முங்காது.

மதிலழகு:
சரக்கு வண்டியும் உவமைதான் சார்.