பெட்டி விளக்கு மினுக்குகிறது, ரயில் நின்றால் அணைந்துவிடுகிறது

ஜோலார்பேட்டைக்காரன்:

வணக்கம். என் மாதிரி ரயிலின் மூன்று ஐசிஎஃப் (பெரம்பூர் தொழிற்சாலை வகை) தூங்கும் வசதிப் பெட்டிகளுக்கு உள்விளக்கு பொருத்திவிட்டு, இரண்டு வாரமாக மனம் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எச்ஓ அளவு, அதாவது 1:87. ஒவ்வொரு பெட்டியும் 245 மி.மீ. நீளம், பழைய மெரூன் நிறம். சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர்தான் வைத்திருக்கிறேன், தண்டவாளத்தில் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் வகை. ரிச்சி தெருவில் 12 வோல்ட் எல்இடி பட்டை ஒரு சுருள் வாங்கினேன். அதை 5 செ.மீ.க்கு ஓரிடத்தில்தான் வெட்ட முடியும் என்பதால் பெட்டிக்கு நான்கு துண்டு, 12 விளக்கு. பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இருப்பதால் ரயில் எந்தப் பக்கம் ஓடினாலும் எரிகிறது. முன் போகியின் (பெட்டிக்கு அடியில் உள்ள நான்கு சக்கரச் சட்டம்) இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் இடது தண்டவாளத்துக்கு, பின் போகியின் வலது பக்கச் சக்கரங்கள் வலது தண்டவாளத்துக்கு என்று செம்புத் தகடுகளை உரசவிட்டிருக்கிறேன்.

இப்போது நடப்பது இது: வண்டி தலைதெறிக்க ஓடினால்தான் விளக்கு எரிகிறது. தண்டவாளம் பிரியும் பாயின்டைக் கடக்கும்போதெல்லாம் மினுக்குகிறது. இன்ஜின் மூன்று பெட்டிகளையும் முக்கி முனகி இழுக்கிறது. எரியும் நேரத்திலும் மருத்துவமனை வார்டு போல வெள்ளை வெளிச்சம். எல்லாவற்றையும் விட வருத்தம், நிலையத்தில் நின்றதும் இருட்டாகிவிடுகிறது.

சிறு வயதில் அப்பாவுடன் ஜோலார்பேட்டை நடைமேடையில் நின்று மங்களூர் மெயிலைப் பார்த்திருக்கிறேன். நள்ளிரவை ஒட்டி வந்து நிற்கும். சன்னல்கள் மஞ்சளாக இருக்கும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இத்தனை பாடும். நின்ற வண்டியில் விளக்கு எரிய வேண்டும். என்ன செய்யலாம்?

ஈரோடு சந்திப்பு:

வேகமாக ஓடினால்தான் எரிகிறது என்பதற்குக் காரணம் அந்தப் பட்டையின் அமைப்பு. ஒவ்வொரு 5 செ.மீ. துண்டிலும் மூன்று எல்இடிகள் வரிசையாக ஒரு ரெசிஸ்டருடன் இணைந்திருக்கும். மூன்றுக்கும் சேர்த்து எட்டு வோல்ட்டாவது வேண்டும். ரெக்டிஃபையர் தன் பங்குக்கு ஏறத்தாழ 1.4 வோல்ட் தின்றுவிடும். ஆகத் தண்டவாளத்தில் ஒன்பது, ஒன்பதரை வோல்ட் வந்தால்தான் வெளிச்சம். உங்கள் இன்ஜின் ஐந்து வோல்ட்டிலேயே நகர ஆரம்பித்திருக்கும். டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுத் தளங்களில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருப்பதால் இந்தப் பட்டை அங்கே பொருந்தும், உங்கள் தளத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வைத்து, எல்லாவற்றையும் இணையாகச் சேர்த்தால் நான்கரை, ஐந்து வோல்ட்டிலேயே எரியத் தொடங்கும்.

மினுக்குவதற்குக் காரணம் போகி இணைப்பு. ஒரு போகியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 33 மி.மீ.தான். பாயின்டில் மின்சாரம் இல்லாத பகுதியில் அந்தப் போகி ஏறினால், உங்களுக்கு இடது பக்கத் தொடர்பு முழுவதுமே போய்விடுகிறது. ஒவ்வொரு போகியிலும் ஓர் அச்சை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் வையுங்கள். அப்போது ஒரே தண்டவாளத்தைத் தொடும் இரண்டு இடங்களும் 17 செ.மீ. தள்ளியிருக்கும். ஒன்று விட்டால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். மூன்று பெட்டிகளையும் மெல்லிய இரட்டை வயரால் ஒன்றோடொன்று இணைத்தால் இன்னும் உறுதி. ஒரு பக்கம் காப்பிடப்பட்ட சக்கரங்கள் என்பதால் அச்சைத் திருப்பிப் போட்டால் ஷார்ட் ஆகிவிடும். காப்பிட்ட பக்கத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துவிடுங்கள். நான் இதை மறந்து ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன்.

இழுவைக்கு: தகட்டைச் சக்கர விளிம்பில் உரசவிடாதீர்கள். 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பி அச்சை மெதுவாகத் தொட்டால் போதும். அச்சு மெல்லியது, ஆகவே உராய்வு மிகக் குறைவு.

நின்ற வண்டியில் விளக்கு வேண்டுமென்றால் டிசிசிக்கு மாறுவதுதான் நேர்வழி.

ஓய்வு பெற்ற டி.எல். ஃபிட்டர்:

தம்பி ஜோலார்பேட்டை, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தேன். நீங்கள் நடைமேடையில் நின்று பார்த்த மாதிரியான பெட்டிகளுக்கு அடியில் படுத்து பெல்ட் மாட்டியவன் நான்.

உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் நிஜ ரயிலுக்கும் இருந்தது. அந்தப் பெட்டிகளில் மின்சாரம் தண்டவாளத்திலிருந்தோ இன்ஜினிலிருந்தோ வரவில்லை. பெட்டிக்கு அடியில் ஓர் ஆல்டர்னேட்டர் தொங்கும். அச்சில் மாட்டிய பெல்ட் அதைச் சுழற்றும். வண்டி ஓடினால் மின்சாரம் உற்பத்தியாகும். மெதுவாகப் போனால் போதாது, நின்றால் எதுவும் இல்லை. ஆனாலும் நள்ளிரவு ஜோலார்பேட்டையில் உங்களுக்கு மஞ்சள் சன்னல் தெரிந்ததல்லவா? அதற்குக் காரணம், அடிச்சட்டத்தில் இருந்த பேட்டரிப் பெட்டி. 110 வோல்ட் ஈய அமில பேட்டரி. ஓடும்போது நிரம்பும், நிற்கும்போது கொடுக்கும். எங்கள் வேலையில் பாதி அந்த பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, அடர்த்தி பார்த்து, முனைகளைத் துடைப்பதுதான்.

ஆகவே டிசிசிக்குச் செலவழிப்பதற்கு முன், பெட்டிக்கு ஒரு பேட்டரி கொடுங்கள். சிலர் கெபாசிட்டர் போடச் சொல்வார்கள். பாயின்டில் வரும் மினுக்கலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 5 மில்லிஆம்பியர் எடுத்தால், அரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தாங்கும். மெயில் வண்டி நிலையத்தில் நிற்பது அரை நொடியா?

இரண்டு சிஆர்2032 நாணய பேட்டரிகளைத் தொடராக வையுங்கள், ஆறு வோல்ட். கழிவறைச் சன்னல்களுக்கு மங்கல் கண்ணாடிதான், ஆகவே அந்த அறையில் பேட்டரியை நிறுத்தினால் வெளியே தெரியாது. 20 மி.மீ. விட்டம்தான், உயரத்தில் தாராளமாக நிற்கும். சுவிட்ச்சை அடிச்சட்டத்தின் பேட்டரிப் பெட்டிக்குள் மறையுங்கள். உண்மையிலேயே அது இருக்க வேண்டிய இடம் அதுதான். தண்டவாளத்திலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம். உரசும் தகடுகளைக் கழற்றிவிடுங்கள், இன்ஜினும் மூச்சு விடும்.

இனி விளக்கு. இதுதான் எனக்கு முக்கியம். மாதிரிப் பெட்டி செய்பவர்கள் பலர் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே அளவாக வெளிச்சம் போடுகிறார்கள். ஓர் இரவு வண்டியும் அப்படி இருந்ததில்லை. உங்கள் பெட்டியில் 72 படுக்கை, ஒன்பது தடுப்பறைகள். இரவு பதினொரு மணிக்கு அவற்றில் பாதிக்கு மேல் அணைந்திருக்கும். ஒன்றில் யாரோ சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருப்பார்கள், அங்கே எரியும். இன்னொன்றில் குழந்தை அழும், எரியும். வேறு சிலவற்றில் நீல இரவு விளக்கு மட்டும். இரு முனைகளிலும் கதவருகே உள்ள விளக்கு விடியும் வரை எரியும். மெரூன் பெட்டி என்றால் குண்டு பல்பு காலம், ஆகவே மஞ்சள்தான் சரி. வெள்ளை எல்இடியே கையில் இருந்தால் கண்ணாடியில் ஓவியம் தீட்டும் மஞ்சள் வண்ணத்தை இரண்டு பூச்சு தடவுங்கள்.

கதவருகே இரண்டு, தடுப்பறைகளில் மூன்று மஞ்சள், ஒவ்வொன்றுக்கும் 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டு தடுப்பறைகளுக்கு நீலம், 10 கிலோ ஓம். எல்லாம் சேர்ந்து ஏழு மில்லிஆம்பியரைத் தொடாது. இருபது மணி நேரத்துக்கு மேல் எரியும். தடுப்பறைகளுக்கு இடையே அட்டை வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் பக்கத்து அறைக்கு வழிந்து எல்லாம் வீணாகும்.

ஈரோடு நண்பர் பெட்டிகளை வயரால் இணைக்கச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பேட்டரி செத்துப்போன பெட்டி வந்தால் நாங்களும் பெட்டியின் முனையிலுள்ள அவசர முனைகளிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கு கேபிள் இழுத்து விளக்கு எரியவிடுவோம்.

கரூர் மாடல்:

மேலே சொல்லாத ஒன்று. பிளாஸ்டிக் பெட்டியின் சுவர் வெளிச்சத்தில் சிவந்து தெரியும், கூரை மெழுகுவர்த்தி போல ஒளிரும். சன்னல் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு உட்புறம் முழுவதும் கறுப்பு பூசுங்கள். காய்ந்த பின் அதன் மேல் வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை உள்ளே பரப்பும். உடலும் அடிச்சட்டமும் சேரும் இடுக்கில் மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். அங்கிருந்து ஒரு கோடு வெளிச்சம் கசிந்தாலும் இரவுக் காட்சி கெட்டுவிடும்.

ஜோலார்பேட்டைக்காரன்:

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கதவு விளக்கு மட்டும் எரியும், ஆமாம்" என்று அவரும் சொன்னார்.

ஒரு பெட்டியைப் பிரித்து நீங்கள் சொன்னபடியே மாற்றிவிட்டேன். தகடுகளை எடுத்ததும் இன்ஜின் சுலபமாக இழுக்கிறது. நான்காவது தடுப்பறையில் மஞ்சள், ஐந்தில் நீலம், ஆறு இருட்டு. கறுப்பு பூசாமல் முதல் முறை எரியவிட்டபோது கரூர் நண்பர் சொன்னது போலவே கூரை ஒளிர்ந்தது. இப்போது இல்லை.

ஒரு சந்தேகம். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். நாணய பேட்டரியைப் பற்றி யோசனையாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற டி.எல். ஃபிட்டர்:

யோசிக்கத்தான் வேண்டும் தம்பி. குழந்தை விழுங்கினால் தொண்டைக்குள்ளேயே சில மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும், இதில் சலுகையே கிடையாது. கூரையை அழுத்தி மூடும்படி விடாமல், அடிச்சட்டத்திலிருந்து இரண்டு திருகாணி போட்டு உடலை இறுக்குங்கள். தீர்ந்த பேட்டரிகளை மேசையில் வைக்காமல் உடனே டேப் சுற்றி எட்டாத இடத்தில் போடுங்கள். மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் திருகாணி போட்ட பிறகே பேட்டரி வையுங்கள்.

மூன்றும் முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நடுப் பெட்டியில் மட்டும் தடுப்பறைகளின் எல்லா மஞ்சளையும் அணைத்து, கதவு விளக்கையும் நீலத்தையும் விட்டுவையுங்கள். ஆழ்ந்து தூங்கும் பெட்டி ஒன்றாவது எல்லா வண்டியிலும் இருக்கும்.