விக்டோரியா ஏரி ஆகாயத்தாமரை: ஒழித்தது வண்டா, மழையா?

குளத்தங்கரை:
"ஆகாயத்தாமரைக்குக் கூன்வண்டு விட்டால் போதும், விக்டோரியா ஏரியே சாட்சி" என்று ஒருவர் நேற்று வேறொரு இழையில் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த ஏரியை மூடிக் கிடந்த இந்த மிதக்கும் களை குறைந்தது உண்மைதான். ஆனால் அப்போது பசிபிக் கடல் சூடேறியதால் வந்த 1997-98 எல் நினோ மழையை ஏன் மறைக்கிறீர்கள்? மாதக்கணக்கில் மேகமூட்டம். வெயில் குறைந்து செடி நலிந்தது, காற்றும் அலையும் பிய்த்துப் போட்டன. பெயர் மட்டும் வண்டுக்கா?

நீர்ப்பூச்சி:
அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். உகாண்டாவில் 1995லும் கென்யாவில் 1997லும் வண்டு விட்டார்கள். வளர்ந்த வண்டு இலையைச் சுரண்டும், புழு காம்புக்குள் குடைந்து போகும். உப்பிய அந்தக் காம்புதான் செடிக்கு மிதவை. குடைந்த வழியில் நீர் ஏறினால் செடி கனத்து அமிழும். அலை உடைத்தது அப்படிச் செத்துக்கொண்டிருந்த செடியைத்தான்.

குளத்தங்கரை:
மழை வந்தது, செடி போனது. 1995இல் விட்ட வண்டு அதுவரை தூங்கியதா?

நீர்ப்பூச்சி:
ஏரி முழுக்கப் பெருக வண்டுக்குச் சில வருஷம் ஆகும், இதுகூடத் தெரியாதா? ஆஸ்திரேலியாவில் மூண்டாரா ஏரியில் 1980இல் சல்வீனியா என்ற இன்னொரு மிதக்கும் களைக்கு அதற்கான வண்டு விட்டு, ஓராண்டு சொச்சத்தில் நீர் தெளிந்தது. அதுவும் எல் நினோதானா?

வரப்போரம்:
சல்வீனியாவை ஏன் இழுக்கிறீர்கள்? அது விதையில்லாமல் துண்டு துண்டாகப் பெருகுவது. ஆகாயத்தாமரை விதையோ சேற்றில் இருபது வருஷம் கிடந்தும் முளைக்கும். இரண்டும் ஒன்றா?

குளத்தங்கரை:
விதைப் பேச்சு அப்புறம். மழைக்குப் பதில் வரவில்லை.

சேற்றுக்கால்:
கழிவுநீர் வாயை அடைக்காமல் வண்டு, மழை என்று மல்லுக்கட்டுகிறீர்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கலக்கும்வரை, வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி தழைக்கும்.

குளத்தங்கரை:
களைக்கொல்லி இழையில் என்னை 'மருந்துக்கடை ஏஜெண்ட்' என்றவர் நீங்கள்தானே? நான் சொன்னது என்ன? ஒரேயடியாக அடித்தால், அழுகும் செடி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்து மீனைக் கொல்லும், பகுதி பகுதியாக அடியுங்கள் என்றேன். பாதியை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டினீர்கள். மறக்கவில்லை.

சேற்றுக்கால்:
முழுசாகப் படித்தாலும் அது மருந்துக்கு வக்காலத்துதான்.

குளத்தங்கரை:
சரி, நீர்ப்பூச்சிக்கே வருகிறேன். 2006-07இல் ஏரியின் கென்யா பக்கத்து வளைகுடாவில் செடி திரும்ப மூடியதே, உங்கள் வண்டு எங்கே போனது?

நீர்ப்பூச்சி:
செடி குறைந்தால் வண்டும் குறையும். பெருமழை நிலத்துச் சத்தையெல்லாம் ஏரிக்குள் அடித்து வந்தது, செடி முந்திக்கொண்டது.

குளத்தங்கரை:
ஆக, மழைதான். நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நீர்ப்பூச்சி:
வளர்த்தது மழை என்றேன். ஒழித்தது மழை என்று எங்கே எழுதினேன்? வரியைக் காட்டுங்கள்.

குளத்தங்கரை:
மேலே இருக்கிறது, பாருங்கள். மழை.