10 வீடியோவில் ஒன்று மட்டும் பறக்கிறது: அடுத்த தலைப்புகளை எதை வைத்து முடிவு செய்வது?

மொட்டைமாடி_மண் (கேள்வி)

மாடித்தோட்டம் பத்தின தமிழ் யூடியூப் சேனல். வாரம் ஒரு வீடியோ, 8-லிருந்து 12 நிமிஷம். கடைசி 10 வீடியோவுக்கு முதல் 7 நாளில் வந்த வியூஸ், வெளியான வரிசையில்:

1,900 / 2,400 / 2,100 / 3,000 / 2,600 / 1,700 / 2,300 / 21,000 / 2,200 / 2,800

21,000 போனது செம்பருத்தி மாவுப்பூச்சி வீடியோ, மே மாசம் போட்டது. சராசரி எடுத்தா 4,200 வருது. அப்படிப் பார்த்தா மத்த ஒன்பதுமே சராசரிக்குக் கீழதான். இந்தக் கணக்கு சரியா? அடுத்த 3 மாசத் தலைப்புகளை இப்பவே எழுதி வைக்கணும். மாவுப்பூச்சியையே வேற வேற செடிக்குப் போட்டுக்கிட்டே போகலாமா? அப்புறம், மத்த சேனல் வீடியோவுக்கு டூல்கள் "10 மடங்கு", "15 மடங்கு"ன்னு காட்டுதே, அதை எவ்வளவு நம்பலாம்?

---

கணக்குப்பிள்ளை

சராசரியை விடுங்கள். ஒரே ஒரு 21,000 வந்து மொத்தத்தையும் மேலே தூக்கிவிட்டது. யூடியூப் வியூஸ் எப்போதும் இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் இடைநிலையைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் பத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பவை 2,300, 2,400. இடைநிலை 2,350. ஷீட்டில் மீடியன் ஃபார்முலா போட்டால் அதுவே தரும்.

இப்போது ஒவ்வொரு வீடியோவையும் 2,350-ஆல் வகுங்கள். மாவுப்பூச்சி 8.9 மடங்கு. 3,000 போனது 1.3. 1,700 போனது 0.7. அதாவது உங்கள் சேனலில் 0.7-க்கும் 1.3-க்கும் நடுவே விழும் எதற்கும் காரணம் தேட வேண்டாம். அன்றைக்கு மழை பெய்திருக்கலாம், கிரிக்கெட் மேட்ச் இருந்திருக்கலாம். 1,700-ஐப் பார்த்து "கீரை வீடியோ எடுபடாது" என்று ஒரு தலைப்பையே கைவிடுவது வீண். நான் 2 மடங்கைத் தாண்டினால் மட்டும் கவனிப்பேன், 0.5-க்குக் கீழே போனால் தம்ப்நெயிலையும் தலைப்பையும் சோதிப்பேன்.

கணக்கில் வழுக்கும் இடங்கள்:

மேலே போட்டது தோராயக் கணக்கு. ஷீட்டில் இடைநிலையை, அந்த வீடியோவுக்கு முன் வந்த 10-ஐ வைத்து எடுங்கள். பின்னால் வந்தவற்றைச் சேர்க்காதீர்கள். பெரிதாக ஓடிய வீடியோ புது சப்ஸ்கிரைபர்களைக் கொண்டு வந்து அடுத்தடுத்த வீடியோக்களையும் சற்றுத் தூக்கும். ஒப்பிடும் அடிமட்டம், அதாவது இடைநிலை, நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

ஷார்ட்ஸைத் தனி ஷீட்டில் வையுங்கள். 2024 அக்டோபர் 15-க்குப் பிறகு ஏற்றிய, 3 நிமிடம் வரையுள்ள செங்குத்து வீடியோ எல்லாமே ஷார்ட்ஸ் கணக்குதான். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என எண்ணுகிறார்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள ஷார்ட்ஸ் வியூஸை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தவறான மடங்குதான் வரும்.

விளம்பரம் போட்டு ஓட்டிய வீடியோ இருந்தால், டிராஃபிக் சோர்ஸில் (வியூஸ் எங்கிருந்து வந்தன என்ற பட்டியலில்) விளம்பரத்தால் வந்த வியூஸைக் கழித்துவிட்டு வகுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அனலிட்டிக்ஸின் நாள் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி. கோடையில் நமக்கும் அதற்கும் 12.5 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13.5. கோடையில் மாலை 6 மணிக்குப் பதிவிட்டால் அங்கே காலை 5.30, முதல் "நாளில்" 18.5 மணி நேரம் கிடைக்கிறது. காலை 11-க்குப் பதிவிட்டால் அங்கே முந்தைய நாள் இரவு 10.30, முதல் "நாள்" ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பதிவிடும் நேரத்தை மாற்றினால் 7 நாள் எண்ணிக்கையே சாயும். நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது யூடியூப் ஸ்டூடியோ முகப்பில் வரும் "10-இல் இத்தனையாவது" வரிசையைப் பாருங்கள். அது வெளியாகி அதே நேரம் கடந்த நிலையில் ஒப்பிடுகிறது.

---

வேர்ப்புழு

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒண்ணு மட்டும் தோட்டச் சேனலுக்கு ஒத்துவராது. 7 நாளை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

நம்ம பார்வையாளர் பாதிப் பேர் தேடி வர்றவங்க. செடி வாடும்போதுதான் தேடுவாங்க. "மண்கலவை எப்படிப் போடுறது" மாதிரி வீடியோ முதல் வாரம் 0.8 காட்டும், 90 நாள் கழிச்சு அதே 3 மடங்கில் நிக்கும். அதனால ரெண்டு காலம் வைங்க: முதல் 7 நாள், முதல் 90 நாள். முதல் காலம் உயர்ந்து ரெண்டாவது படுத்திருந்தா முகப்புப் பக்கத்தில் ஓடி அடங்கினது. முதல் காலம் தாழ்ந்து ரெண்டாவது உயர்ந்தா அது தேடல் வீடியோ. அந்த வகைக்குப் பரபரப்புத் தலைப்பு வேண்டாம், ஜனங்க டைப் பண்ற வார்த்தையே தலைப்புல இருக்கணும்.

பருவத்தையும் கணக்குல எடுங்க. மாவுப்பூச்சி வெயிலும் வறட்சியும் இருக்கிறப்பதான் செம்பருத்தியில அப்பும். மே மாசம் 8.9 மடங்கு போனதில் பூச்சிக்கும் பங்கு இருக்கு! அதையே ஐப்பசி அடைமழையில போட்டா 1 மடங்கைத் தொடுறதே கஷ்டம். அதே மாதிரி ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர் இது. விதை, நாற்று வீடியோக்களை ஜூலை நடுவுல ஆடி பிறக்குறதுக்கு 2, 3 வாரம் முன்னாடியே போட்டுடணும், ஆளுங்க விதை வாங்கப் போறதுக்கு முன்னாடி. போன வருஷம் ஆடியில போட்ட வீடியோவை இந்த வருஷம் ஆடியோட ஒப்பிடுங்க, ஏப்ரலோட வேண்டாம். ஒரு வருஷத் தரவு இல்லைன்னா, ஷீட்டுல தமிழ் மாசம்னு ஒரு பத்தி சேர்த்து இப்ப இருந்தே நிரப்புங்க.

---

ஷீட்ஸ்தம்பி

மற்ற சேனல்களின் மடங்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். விட்ஐக்யூ மாதிரியான டூல்கள் காட்டும் எண்ணும் இதே வகுத்தல்தான். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இன்று வரையிலான மொத்த வியூஸ் மட்டுமே தெரியும், முதல் 7 நாள் தெரியாது. ஆகவே போன வாரம் வந்ததையும் 2 வருடத்துக்கு முன் வந்ததையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 30 நாள் ஆகாதவற்றை நீக்கிவிட்டு, கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்தவற்றுக்குள் இடைநிலை எடுங்கள்.

வியூஸை சப்ஸ்கிரைபர் எண்ணால் வகுப்பவர்களும் உண்டு. பழைய சேனல்களில் பாதி சப்ஸ்கிரைபர்கள் எப்போதோ பார்ப்பதை நிறுத்தியிருப்பார்கள். அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. மிகச் சின்னச் சேனல்களிலும் ஏமாறலாம்: இடைநிலை 40 என்றால் 400 வியூஸ் கூட "10 மடங்கு" ஆகிவிடும். இடைநிலை 1,000-க்குக் குறைந்த சேனல்களை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை.

கையால் எடுக்க வேண்டாம். யூடியூப் டேட்டா ஏபிஐ (நிரல் வழியாக யூடியூப் தரவை எடுக்கும் வசதி) உண்டு, ஒவ்வொரு அழைப்புக்கும் சில யூனிட் கழியும், நாளொன்றுக்கு 10,000 யூனிட் இலவசம். தேடல் அழைப்பைப் பயன்படுத்தினால் வரம்பு சீக்கிரம் கரைந்துவிடும். சேனல் ஐடியின் முதல் இரண்டு எழுத்து யூ, சி. அந்த சி-யை யூ ஆக்கினால் அந்தச் சேனலின் எல்லாப் பதிவுகளும் உள்ள பிளேலிஸ்ட் ஐடி கிடைக்கும். பிளேலிஸ்டைப் படிக்க ஓர் அழைப்பு, 50 வீடியோவின் வியூஸை எடுக்க ஓர் அழைப்பு, ஒவ்வொன்றும் 1 யூனிட். 10 சேனல், சேனலுக்கு 50 வீடியோ என்றால் 20 யூனிட்டோடு முடிந்தது. வீடியோ நீளத்தையும் சேர்த்து எடுங்கள், 3 நிமிடத்துக்கு உட்பட்டவற்றை வடிகட்ட உதவும்.

பிறகு செய்வதுதான் உண்மையான வேலை. 500 வீடியோவுக்கும் தலைப்பு வகை என்று ஒரு சொல் எழுதுங்கள்: மாவுப்பூச்சி, மண்கலவை, ரோஜா, தக்காளி. ஓடியவற்றை மட்டும் பார்த்தால் எல்லாத் தலைப்பும் தங்கமாகத் தெரியும். அதே தலைப்பில் படுத்தவற்றையும் எண்ண வேண்டும். வைத்துக்கொள்வோம்: ரோஜாவில் 40 வீடியோ, 4 மட்டும் 2 மடங்கைத் தாண்டின. மாவுப்பூச்சியில் 12 வீடியோ, 5 தாண்டின. ரோஜாவில் 15 மடங்கு வீடியோ ஒன்று இருந்தாலும் நான் மாவுப்பூச்சியைத்தான் எடுப்பேன். அந்த 5-உம் ஒரே சேனலுடையதா, 3, 4 சேனல்களில் பரவியதா என்றும் பாருங்கள். ஒரே சேனல் என்றால் அது அந்த முகத்துக்கோ குரலுக்கோ வந்த கூட்டம், தலைப்புக்கு வந்ததல்ல.

மாவுப்பூச்சியையே திரும்பப் போடலாமா என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே "பிரச்சினை, மருந்தளவு, முடிவு" வடிவம், வேறு பூச்சி: அசுவினி, வெள்ளை ஈ. அல்லது அதே பூச்சி, வேறு செடி: கொய்யா, கத்தரி. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது ஓட வைத்தது என்று தெரியாது. அடுத்த 12-இல் 6 இந்த வகை, 4 பருவத்துக்கு ஏற்ற விதைப்பு, 2 முற்றிலும் புதியது. அந்த 2-ஐ விட்டுவிடாதீர்கள். அடுத்த 8.9 அங்கிருந்துதான் வர வாய்ப்பு.

---

மொட்டைமாடி_மண்

இடைநிலை போட்டுப் பார்த்தேன், படம் தெளிவா இருக்கு. ஒரு சந்தேகம். 21,000 போன வீடியோவோட கிளிக் விகிதம் முதல் நாள் 7 சதவீதம், இப்ப 3.9-க்கு வந்துடுச்சு. மத்த வீடியோ 5-லயே நிக்குது. தம்ப்நெயிலை மாத்தலாமா?

---

கணக்குப்பிள்ளை

தொடாதீர்கள். முதல் நாள் காட்டியது உங்கள் வழக்கமான பார்வையாளர்களுக்கு. பிறகு யூடியூப் உங்களைத் தெரியாத லட்சம் பேருக்குக் காட்டுகிறது, அவர்கள் குறைவாகத்தான் சொடுக்குவார்கள். கிளிக் விகிதத்தை இம்ப்ரெஷன் எண்ணிக்கையோடு (தம்ப்நெயில் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதோடு) சேர்த்துத்தான் படிக்க வேண்டும்: மற்ற வீடியோக்கள் 40,000 இம்ப்ரெஷனில் 5 சதவீதம் என்றால், இதுவும் 40,000-ஐத் தொட்டபோது எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். யூடியூப் உதவிப் பக்கமே பாதிச் சேனல்களும் வீடியோக்களும் 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் நடுவே இருப்பதாகச் சொல்கிறது, 3.9 அதற்குள்தான்.

சோதிக்க ஆசை என்றால் 0.7 போன வீடியோவில் சோதியுங்கள். ஸ்டூடியோவில் ஒரே வீடியோவுக்கு 3 தம்ப்நெயில் வரை வைத்து ஒப்பிடலாம், முடிவு வர 2 வாரம் வரை ஆகும். அது வெற்றியாளரைக் கிளிக்கை வைத்து அல்ல, பார்த்த நேரத்தின் பங்கை வைத்துச் சொல்கிறது. மூன்றும் ஏறத்தாழ ஒரே படமாக இருந்தால் முடிவே வராது. ஒன்றில் பூச்சி அப்பிய தண்டு நெருக்கமாக, ஒன்றில் முழுச் செடி, ஒன்றில் "வேப்பெண்ணெய் 5 மி.லி." என்ற எழுத்து மட்டும் என்று நன்றாக வேறுபடுத்தி வையுங்கள்.