அந்தப் போட்டோவை அழித்துவிடுங்கள் சித்தி

செல்வி சித்தி: (படம்) எங்கள் தெருப் பையன். 17 வயது. பைக் திருடினான் என்று நேற்று ராத்திரி போலீஸ் கூட்டிப் போய்விட்டது. அவன் அம்மா என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுகிறாள்.

பானு: சித்தி, முதலில் அந்தப் போட்டோவை அழித்துவிடுங்கள். 18 வயது ஆகாத பிள்ளை வழக்கில் சிக்கினால் முகம், பெயர், பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவு. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம்.

செல்வி சித்தி: அழித்துவிட்டேன்மா. ஸ்டேஷனில் அவளை நாளைக்கு வரச் சொன்னார்களாம்.

பானு: நாளை வரை காத்திருக்க வேண்டாம். லாக்கப்பில் வைக்கவே கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஆஜர்படுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள்.

ரவி மாமா: 17 வயதில் நல்லது கெட்டது தெரியாதா? 2012 டெல்லி நிர்பயா கேஸுக்கு அப்புறம் சட்டத்தை மாற்றினார்களே?

பானு: 2015இல் மாற்றினார்கள் மாமா. 16 வயது நிறைந்தவன், குறைந்தபட்ச தண்டனையே 7 வருஷம் உள்ள கொடுங்குற்றம் என்றால்தான், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் பார்க்கும். பைக் திருட்டு அதில் வராது. அதற்காகச் சும்மா விடுவதும் இல்லை. கவுன்சலிங், சமூக சேவை, நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பு, மிஞ்சிப்போனால் சிறப்பு இல்லத்தில் 3 வருஷம் வரை.

ரவி மாமா: விசாரணை முடியும்வரை பையன்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் போட்டு நாலு தட்டு தட்டினால் திருந்திவிடுவான்.

பானு: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள் மாமா. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் அடிபட்டுச் செத்தான். பேட்டரி திருடினான் என்பதுதான் அவன் மேல் இருந்த புகார். ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அப்புறம் இந்த இல்லங்களைச் சீர்திருத்த வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு ஒருநபர் குழுவாகப் போட்டது. அந்தப் பையன் திரும்பி வந்தானா? அதனால்தான் இன்றைக்கே ஜாமீன் கேட்கச் சொல்கிறேன். சிறுவர்களுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுத்தால் காரணம் எழுத வேண்டும்.

செல்வி சித்தி: வக்கீலுக்குக் காசு இல்லையே பானு. வீட்டு வேலை பார்க்கிறவள்.

பானு: பைசா வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100க்கு போன் போடுங்கள். பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கட்டாயம் வேண்டும். வயதுக்கு முதலில் பள்ளிச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

செல்வி சித்தி: பத்தாவதோடு நின்றுவிட்டான். அப்பன் குடிகாரன். பையனுக்கு மெக்கானிக் கடையில் வேலை, அந்தச் சம்பளத்தையும் அப்பனே பிடுங்கிக்கொள்வான்.

பானு: நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார். இது அத்தனையையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். குழுமம் முடிவெடுக்கும்போது அந்த அறிக்கையைப் பார்க்கும்.

ரவி மாமா: வண்டியைப் பறிகொடுத்தவனுக்கும் நியாயம் வேண்டும், அதில் நான் மாற மாட்டேன். ஆனால் அடிவாங்கிச் சாகிற குற்றமா இது? செல்வி, காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தம்மாவை ரெடியாக இருக்கச் சொல்.

செல்வி சித்தி: சரி அண்ணா. மார்க் ஷீட் கிடைத்துவிட்டது.

பானு: ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். நான் நேராகக் குழுமத்துக்கு வந்துவிடுகிறேன்.