மறு: ஒட்டுண்ணி அறிமுகக் கையேடு – ஓம்புயிருக்கு எண் போடலாமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

> ஒட்டுண்ணி முதிரும் உயிரை 'முதல்நிலை ஓம்புயிர்' என்றும், அதன் இளம்பருவம் கழியும் உயிரை 'இரண்டாம்நிலை ஓம்புயிர்' என்றும் எழுதலாம்.

'ஒட்டுண்ணி', அது குடியேறும் உயிருக்கு (host) 'ஓம்புயிர்' என்ற இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை. ஓம்புயிருக்குப் பதிலாக வந்த 'விருந்தோம்பி'யை நீங்கள் தள்ளியதும் சரி. அழையாமல் வந்து குடலில் குடியேறுகிறவனுக்கு யார் விருந்து வைப்பது? ஆனால் இந்த எண்கள் படிக்கிறவரைக் குழப்பும்.

பிசான அறுப்பு முடிந்த வயலில் கிடை மறிக்க வரும் ஆடுகளையே பாருங்கள். வாய்க்கால் ஓரச் சகதியில் மேய்ந்த ஆட்டுக்கு ஈரல் தட்டைப்புழு தொற்றினால், கிடைக்காரர் அதன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தே சந்தேகப்படுவார். சிவப்பு போய் வெளுத்திருக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். அறுத்தால் பித்தக் குழாய்க்குள் வாடிய இலை மாதிரி, ஒன்று முதல் மூன்று அங்குல நீளத்தில் புழு. பாதிக் கதை இவ்வளவுதான். மீதி நத்தையில் நடக்கிறது. புழுக்கையோடு விழும் முட்டை நீரில் பொரிந்து, குஞ்சு நீந்திப்போய் நன்னீர் நத்தைக்குள் நுழைகிறது. அங்கே இணை சேராமலே பல மடங்காகப் பெருகி வெளியேறி, நீரோரப் புல்லில் கூடு கட்டிக்கொண்டு ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கிறது. 1880-களில் தாமஸ், லொய்க்கார்ட் என்ற இரு விலங்கியலாளர்கள் தனித்தனியே துலக்கிய இந்தச் சுற்றில், முட்டையிலிருந்து எண்ணினால் முதலில் வருவதே நத்தைதான். நுரையீரல் தட்டைப்புழுவுக்கோ நத்தைக்குப் பிறகு நண்டும் வேண்டும். உங்கள் இரண்டாம்நிலைக்குள் முதலாவது, இரண்டாவது என்று மறுபடி எண்ணப் போகிறீர்களா?

மலேரியாவில் சிக்கல் இன்னும் பெரிது. நோய் வருவது மனிதனுக்கு. ஆகவே மனிதனே முதல்நிலை என்றுதான் எந்த மாணவரும் எழுதுவார். ஆனால் ஒட்டுண்ணியின் ஆண், பெண் அணுக்கள் கூடுவது அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில். உங்கள் கணக்குப்படி கொசுதான் முதல்நிலை. 1897-இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில்தான் ஒட்டுண்ணியின் உருண்டைகளைக் கண்டார்.

எனவே எண்ணை விடுவோம். ஒட்டுண்ணி இணை சேரும் இடம் 'முதிர்வு ஓம்புயிர்'. இளமையைக் கழிக்கும் இடம் 'இளம்பருவ ஓம்புயிர்'. நாய்க்குடலில் முதிரும் சிறு நாடாப்புழு ஒன்றுக்கு ஆடு இளம்பருவ ஓம்புயிர். அதே புழுவின் முட்டை மனித வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி வளரும். அந்தக் கட்டியை நாய் தின்னப் போவதில்லை என்பதால் புழுவுக்கு மேற்கொண்டு வழியில்லை. இதற்கு 'முட்டுச்சந்து ஓம்புயிர்' என்று போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

---

தம்பி,

எண்களை எடுத்துவிட்டேன். 'முதிர்வு ஓம்புயிர்' இருக்கட்டும். 'இளம்பருவ ஓம்புயிர்' வேண்டாம். நத்தைக்குஞ்சு என்று பொருள்படுகிறது. இளமை ஒட்டுண்ணிக்கா, ஓம்புயிருக்கா? பழைய 'இடை ஓம்புயிர்' போதும். நத்தை, நண்டு என்று எத்தனை வந்தாலும் அது தாங்கும். முட்டுச்சந்துக்கு நான் சிரிக்கவில்லை. கையேட்டிலேயே விளக்கம் கேட்காத சொல் அதுதான்.

பன்றி நாடாப்புழுப் பகுதியை விரைவில் அனுப்புங்கள். வேகாத பன்றிக்கறியிலுள்ள இளம்புழுக் கட்டியைத் தின்றவன் குடலில் புழு முதிர்கிறது. அந்தப் புழுவின் முட்டையை விழுங்கியவனுக்கு மூளையில் கட்டி வந்து வலிப்பு வருகிறது. ஒரே மனிதன் முதிர்வு, முட்டுச்சந்து என்று இரண்டு பத்தியிலும் வருவதற்கு அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும்.