பென்னாகரம் பக்கம் அம்மா தனியாக இருக்கிறார், சாப்பாடு தூக்கம் இல்லை. யாரிடம் காட்டுவது?

கேட்டவர்: பென்னாகரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறேன். அப்பா போன வருடம் தவறிவிட்டார். தங்கையை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஊரில் அம்மா மட்டும்தான், வயது அறுபத்தைந்துக்கு மேல். மேய்க்க ஆள் இல்லை என்று கறவை மாட்டையும் விற்றுவிட்டோம். அதுவரை விடிவதற்குள் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, அங்கே நாலு பேரிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவார். இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. நூறு நாள் வேலைக்கும் போவதில்லை.

போனில் கேட்டால் "களி கிண்டினேன், சாப்பிட்டேன்" என்கிறார். பக்கத்து வீட்டுச் சித்தியைக் கேட்டால் அடுப்பே பற்றவைக்கவில்லை என்கிறார். ஊருக்குப் போனபோது பார்த்தேன், ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிறது. நடுராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறார். கிளம்பும்போது, "நான் எதுக்குடா இன்னும் இருக்கேன், உனக்குப் பாரமா" என்று கேட்டார். அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

காத்து கருப்பு என்று பெரியப்பா தாயத்து கட்டியிருக்கிறார். வெளியூர்க் கோயில் ஒன்றில் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம் என்கிறார். மற்றவர்கள் வயசானால் அப்படித்தான் என்கிறார்கள். பெங்களூருக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறார். நாங்கள் இருப்பதும் தகர ஷெட்டில்தான். மனநல டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே "பைத்தியம்னு பேர் வெச்சிடுவாங்க" என்று அழுகிறார். என்ன செய்யலாம்?

பாலக்கோட்டுத் தம்பி

அண்ணா, எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு பெரியவர்கள் மட்டும்தான். என் அத்தைக்கும் இப்படித்தான் சோர்வு, மறதி எல்லாம் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று தெரிந்தது. முதலில் அதைப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி நர்ஸ் அக்கா

தம்பி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் பார்க்காமல் இதுதான் என்று சொல்லக் கூடாது. ஆனால் தூக்கம் கெடுவது, உடம்பு இளைப்பது, மறதி, பாரமாக இருக்கிறேன் என்ற பேச்சு, இத்தனையும் சேர்ந்து வந்தால் மனச்சோர்வு நோயா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வயசானால் அப்படித்தான் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நோய் குணமானதும் மறதியும் தெளிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடைசிப் பேச்சுக்கு இன்றே ஒரு வேலை செய்யுங்கள். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மனதில் இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். ஆமாம் என்றால் ஒரு ராத்திரிகூடத் தனியாக விடாதீர்கள். சித்தியைக் கூடப் படுக்கச் சொல்லிவிட்டு, மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்று சொன்னாலும் வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை இன்றே வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாத்திரைகளையும் சித்தி கையில் கொடுங்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் டாக்டர் குறிப்பிட்ட நாளில் வருவார், அது எந்த நாள் என்று பென்னாகரம் மருத்துவமனையில் கேளுங்கள். மாத்திரை இலவசம். அதற்குள் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அம்மா பேசவில்லை என்றாலும் நீங்கள் பேசுங்கள், வேலையிடத்தில் இருந்தே கூப்பிடலாம்.

தம்பி ஒருவர் தைராய்டு என்றாரே, அது சரியான பேச்சு. அதோடு ரத்தசோகை, பி12, சர்க்கரை, உப்பு அளவும் பார்ப்பார்கள். அம்மாவிடம் "தூக்கம் வரலைன்னு காட்டப் போறோம்" என்று சொல்லுங்கள். பொய் இல்லையே, தூக்கம்தானே வரவில்லை.

கோயில் விஷயத்தில் பெரியப்பாவோடு சண்டை வேண்டாம். தாயத்து கையில் இருக்கட்டும். கும்பிட்டுவிட்டு வருவது வேறு, விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளை விட்டுவைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்துபோனார்கள். 2017-ம் வருட மனநலச் சட்டத்தில் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றே இருக்கிறது. எந்த இடமாக இருந்தாலும் அம்மாவை அப்படி விடாதீர்கள்.

பென்னாகரத்தான்

அக்கா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி கேட்டுவிட்டேன். "சாகணும்னு இல்லடா, விடியவே வேண்டாம்னு இருக்கு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். இத்தனை மாதத்தில் அவர் வாயாக அப்பா பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை. சித்தி கூடப் படுத்துக்கொண்டார். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், இன்று பஸ் ஏறுகிறேன். மாத்திரை போட்டால் அதற்கே அடிமையாகிவிடுவார் என்கிறார்களே, உண்மையா?

அரூர் மருமகள்

என் மாமியாருக்கு இதே கதை. மாமா போன பிறகு படுத்தபடுக்கை. மாத்திரை ஆரம்பித்ததும் கொஞ்ச நாள் வயிற்றைப் பிரட்டியது, வேண்டாம் என்று அடம்பிடித்தார். டாக்டரிடம் கேட்டு, சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தோம். கூடவே வீட்டில் இரண்டு வெள்ளாட்டுக் குட்டி வாங்கிவிட்டோம். தழை ஒடிக்க வெளியே போனவர் மெல்ல மற்றவர்களோடு பேச ஆரம்பித்தார். உங்கள் அம்மாவுக்கு மாடு இனி முடியாது, ஒரு குட்டி முடியும். ஆனால் கொஞ்சம் தேறிய பிறகு வாங்குங்கள், இப்போதே வாங்கினால் அதுவும் சுமையாகத் தெரியும்.

கிருஷ்ணகிரி நர்ஸ் அக்கா

அரூர் தங்கை சொன்னது அத்தனையும் சரி. தம்பி, விடியவே வேண்டாம் என்பதையும் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்குப் பொதுவாகக் கொடுக்கும் மாத்திரை அடிமைப்படுத்தாது. தூக்க மாத்திரை வேறு வகை, அதை நாமாகக் கடையில் வாங்கி நீட்டிக்கக் கூடாது. இந்த மாத்திரை வேலை செய்யவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தேறிய பிறகும் பல மாதம் போட வேண்டியிருக்கும். நிறுத்துவதை டாக்டர்தான் படிப்படியாகச் செய்வார்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் பிரஷர் மாத்திரை வாங்குகிறாரா? அப்படியென்றால் அவரிடமும் சொல்லிவையுங்கள், மாதாமாதம் அம்மாவைப் பார்க்கிறவர் அவர்தான். பழைய மாத்திரை அட்டைகளையும் நாளைக்கு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண்ணில் புரை, காது மந்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சீட்டு வாங்கியதும் இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.