டோக்கியோ புறநகர் ரயிலின் நீள இருக்கைகள்: சிக்கனமா, திட்டமிட்ட வடிவமைப்பா?

கேள்வி: வைகைக்கரை

வணக்கம். பணி நிமித்தமாக டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்து, சைத்தாமா மாநிலத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு ரயிலில் சென்று வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கிறது. கட்டடங்களின் உள்ளமைப்பை வடிவமைப்பது என் தொழில் என்பதால், அமர இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெட்டியின் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டே செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு பார்த்ததில் எனக்கு விளங்காத சிலவற்றை இங்குள்ள ரயில் ஆர்வலர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

இவ்வளவு நீண்ட பயணத்துக்கும், சன்னலுக்கு முதுகு காட்டி எதிர்வரிசையாரின் முகத்தைப் பார்த்தபடி அமரும் நீளவாட்டு இருக்கைகளையே ஏன் வைத்திருக்கிறார்கள்? எழுவர் அமரும் அந்த இருக்கை இருவர், மூவர், இருவர் எனப் பிரியும்படி இரண்டு கம்பங்களை நிறுத்தியிருப்பது, நிற்பவர்கள் பிடித்துக்கொள்வதற்காக மட்டும்தானா? ஒன்றின் மெத்தை பலகைபோல் இறுகியும் மற்றொன்றின் மெத்தை இதமாகவும் இருப்பது எதனால்? செலவைக் குறைக்கவே பயணியின் வசதி விட்டுக்கொடுக்கப்பட்டது என்று தோன்றுகிறது. ஆயினும் மற்ற எல்லாவற்றிலும் இத்தனை நுணுக்கம் பார்க்கும் ஊரில் அது ஒன்றே காரணமாக இருக்குமா என்ற ஐயமும் உண்டு.

மறுமொழி: தண்டவாளத்தான்

இருக்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கதவிலிருந்து தொடங்கினால்தான் விடை சொல்ல முடியும். டோக்கியோவின் வழக்கமான புறநகர்ப் பெட்டி 20 மீட்டர் நீளமுடையது. பக்கத்துக்கு நான்கு கதவுகள், ஒவ்வொன்றும் 1.3 மீட்டர் அகலம். இந்த அமைப்பு 1944-இல், போர்க்காலத்தில் வந்த மோஹா 63 வகைப் பெட்டிகளோடு தொடங்கி, 1963 முதல் 3,400-க்கும் மேற்பட்ட பெட்டிகளாகக் கட்டப்பட்ட 103 வரிசையின் (ஒரே வடிவமைப்பில் கட்டப்படும் ரயில் வகையை இங்கே வரிசை என்பார்கள்) வழியாக நிலைபெற்றது. இரு கதவுகளுக்கு இடையே எஞ்சும் சுவரில் ஓர் எழுவர் இருக்கையும், பெட்டியின் முனைகளில் மூவர் இருக்கைகளும் வந்து அமர்ந்தன. இங்குள்ள தண்டவாளங்களின் இடைவெளி 1,067 மில்லிமீட்டர்தான். 103 வரிசைப் பெட்டியின் அகலம் 2.8 மீட்டர். இந்தியாவின் அகலப்பாதைப் புறநகர்ப் பெட்டி ஏறத்தாழ 3.66 மீட்டர் அகலமுடையது என்பதால் அங்கே இருபுறமும் மும்மூன்று பேராகக் குறுக்கே அமர்த்தினாலும் நடுவே வழி இருக்கும். இங்கே இவ்விருவராகக் குறுக்கே அமர்த்தினால்கூட, நடுவழியில் நிற்பவரைத் தாண்டிக் கதவுக்கு வருவது பெரும்பாடாகிவிடும். காலை உச்ச நேரத்தில் சூவோ விரைவுத் தடத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது. கதவு மூடச் சில நொடிகள் தாமதித்தாலும் அது பின்னால் வரும் ரயில்கள்வரை பரவும். எனவே இருக்கைகள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டன.

கம்பங்களைப் பற்றிய தங்கள் ஐயம் மிகச் சரியானது. ஜப்பானியத் தேசிய ரயில்வே ஒருவருக்கு 43 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, எழுவருக்கு 3.01 மீட்டர் கொடுத்தது. ஆனால் பிரிவுக் கோடு எதுவும் இல்லாத நீள மெத்தையில் மக்கள் அவரவர் விருப்பப்படி சிறிது இடைவெளி விட்டு அமர்வார்கள். ஆறு பேரிலேயே இருக்கை நிறைந்துவிடும். எஞ்சிய இடத்தைக் கேட்டுப் பெற ஏழாமவருக்குத் தயக்கம். "நெருங்கி அமருங்கள்" என்று அறிவிப்பு ஒட்டியும் பெரும் பயன் இல்லை. 1979-இல் முன்மாதிரியாக வந்த 201 வரிசையில்தான் ஓர் அருமையான உத்தியைக் கையாண்டார்கள்: எழுவர் இருக்கையில் நடுவில் உள்ள நான்காம் இடத்துக்கு மட்டும் வேறு நிறத் துணி போட்டார்கள். நிறம் மாறிய இடத்தில் ஒருவர் அமர்ந்துவிட்டால், இருபுறமும் மூவர் மூவருக்கான இடம் தானாகவே கண்ணுக்குத் தெரியும். ஒரு சொல்லும் இல்லாமல் பயணியை நெறிப்படுத்தும் அந்த வேலையை, 1993-இல் கெய்ஹின்-தோஹொக்குத் தடத்துக்கு வந்த 209 வரிசையில் கம்பங்களும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குழிவாக வார்த்த இருக்கைகளும் ஏற்றுக்கொண்டன. எனவே கம்பம் நிற்பவருக்குப் பிடிமானம், அமர்பவருக்கு எல்லைக்கோடு, முதியவர் எழுந்திருக்க ஊன்றுகோல் என மூன்றாகவும் பயன்படுகிறது.

மெத்தை இறுகியிருப்பதற்கும் அதே 209 வரிசையிலிருந்துதான் விடை தொடங்குகிறது. எடையில் பாதி, விலையில் பாதி, ஆயுளில் பாதி என்ற கொள்கையோடு, தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபின் கிழக்குப் பகுதி ரயில்களை நடத்தும் ஜேஆர் கிழக்கு நிறுவனம் உருவாக்கிய ரயில் அது. அதன் மெலிந்த, கடினமான மெத்தை அக்காலத்தில் பலருடைய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆகவே சிக்கனம் என்று தாங்கள் சொல்வதை நான் முற்றாக மறுக்க மாட்டேன். 2000-இல் வந்த இ231 வரிசையிலும் 2006-இல் வந்த இ233 வரிசையிலும் இருக்கை திருத்தப்பட்டு, பிந்தையதில் மெத்தைக்குள் வில்கம்பிகள் இடம்பெற்றன. ஒருவருக்கான அகலமும் 201 வரிசையின் 43 சென்டிமீட்டரிலிருந்து 46 ஆக உயர்ந்தது. மூன்று சென்டிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். ஏழு பேருக்கு அது 21 சென்டிமீட்டர். கதவின் அகலம் குறையாதபோது அந்த நீளம் கதவோரம் சாய்ந்து நிற்கும் மூலையிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.

மறுமொழி: தாதர்வாசி

மும்பையில் பல்லாண்டுகள் பயணம் செய்தவன் என்ற முறையில் ஒரு குறிப்பு மட்டும். அங்கே இரண்டாம் வகுப்பில் மூவருக்கான இருக்கையில் நான்காமவர் வந்து "கொஞ்சம் நகருங்கள்" என்பதும், மூவரும் முகம் சுளிக்காமல் நகர்ந்து, அவருக்குப் பாதி உடல் தாங்கும் அளவுக்காவது இடம் கொடுப்பதும் எழுதப்படாத சட்டம். மூன்றுக்கு நான்கு பேரை அமர்த்தும் மக்களுக்கும், ஏழுக்கு ஆறு பேரோடு நின்றுவிடும் மக்களுக்கும் ஒரே இருக்கையை வடிவமைக்க முடியாது. டோக்கியோவின் குழிவான இருக்கையை மும்பையில் பொருத்தினால் நான்காமவர் இரு குழிகளுக்கு நடுவிலுள்ள மேட்டில் அமர நேரும். ஆயினும் அமராமல் விடமாட்டார்.

மறுமொழி: யோதோகரை

தண்டவாளத்தான் அவர்கள் சொன்னது டோக்கியோவுக்குப் பொருந்தும். ஜப்பான் முழுமைக்கும் அதுவே இயற்கை விதி என்று தோன்றும்படி எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒசாகா, கியோட்டோ, கோபே நகரங்களை இணைக்கும் ஜேஆர் மேற்கு நிறுவனத்தின் புதுவிரைவு ரயிலில், அதே 1,067 மில்லிமீட்டர் தண்டவாளத்தின் மீதுதான், செல்லும் திசை நோக்கி முதுகுச்சாய்வைத் திருப்பிக்கொள்ளக்கூடிய குறுக்கு இருக்கைகள் 1989-இல் வந்த 221 வரிசையிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இருந்து வருகின்றன. தனிக் கட்டணம் எதுவும் இல்லை. அங்கே பக்கத்துக்கு மூன்று கதவுகள்தாம். காரணம் பயணிகள் மீதான கருணை அன்று. ஹான்க்யு, கெய்ஹான் போன்ற தனியார் நிறுவனங்கள் அதே நகரங்களுக்கிடையே போட்டித் தடங்களை நடத்துவதால், இருக்கை சரியில்லையென்றால் பயணி அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்.

நெரிசலும் குறுக்கு இருக்கையும் சேராது என்பதும் முழு உண்மையன்று. தண்டவாள ஆர்வலர்கள் கெய்ஹான் நிறுவனத்தின் 5000 வரிசையை மறந்திருக்க மாட்டார்கள். 1970-இல் வந்த அந்த ரயிலில் பக்கத்துக்கு ஐந்து கதவுகள் இருந்தன. காலை நெரிசலில் ஐந்தும் திறக்கும். நெரிசல் தணிந்ததும் அவற்றுள் இரண்டைப் பூட்டிவிட்டு, மேற்கூரையை ஒட்டி ஏற்றி வைத்திருந்த இருக்கைகளை அந்தக் கதவுகளின் முன்னே இறக்கிவிடுவார்கள். நடைமேடைக் கதவுகளோடு ஐந்து கதவு ஒத்துவராததால் 2021-இல் விடைபெற்றது. பயணிக்கு அமர இடம் தர வேண்டும் என்று ஒரு நிறுவனம் மெய்யாகவே நினைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுமொழி: குறிஞ்சிமலர்

இதுவரை எழுதிய மூவரும் அமர்ந்திருப்பவரை மட்டுமே எண்ணி எழுதியுள்ளீர்கள். காலை நேரத்தில் பெட்டியில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் நிற்பவர்கள். உள்ளமைப்பின் வசதி என்பது முதலில் அவர்களுக்கானது. இங்கே நெரிசலை அளக்கும் முறையே அதைச் சொல்லும்: இருக்கையில் அமர்ந்தோ, மேலிருந்து தொங்கும் கைப்பிடி வளையத்தையோ கதவோரக் கம்பத்தையோ பிடித்தோ எல்லாரும் இருந்தால் 100 விழுக்காடு, செய்தித்தாளை மடித்தால்தான் படிக்க முடியும் என்றால் 180, உடலோடு உடல் அழுந்தி, வார இதழை எப்படியோ படிக்கலாம் என்ற நிலை 200. இந்தியர் பலர் வாழும் நிஷி-கசாய் அமைந்துள்ள தோசாய்த் தடத்தில், கிபாவுக்கும் மொன்சென்-நாகச்சோவுக்கும் இடையே 2019-இல் இது 199 ஆக இருந்தது. அத்தடத்துக்கு 2010-இல் கொண்டுவரப்பட்ட 15000 வரிசையில் கதவின் அகலத்தை 1.8 மீட்டராக்கினார்கள், இருக்கைகள் அதற்கேற்பக் குறைந்தன. அதை நான் குறையாகக் கருதவில்லை.

உயரம் குறைந்தவளான எனக்கு, வளையம் எட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இப்போது ஒரே பெட்டியில் உயரமும் தாழ்வுமாக வளையங்கள் தொங்குகின்றன. முன்னுரிமை இருக்கையின் பக்கம் அவற்றின் நிறமும் மாறுகிறது. இருக்கையின் முனையில் உள்ள தடுப்புப் பலகையையும் பாருங்கள். முன்பு வெறும் குழாயாக இருந்தபோது, கதவோரம் நிற்பவரின் முதுகுப்பையும் ஈரக் குடையும் அமர்ந்திருப்பவரின் மேல் வந்து படும்; அது அகன்ற பலகையாக வளர்ந்தபின் அந்தப் பூசல் தீர்ந்தது. முன்னுரிமை இருக்கை 1973 செப்டம்பர் 15 அன்று, முதியோரைப் போற்றும் நாளில், சூவோத் தடத்தில் தொடங்கியது. ஷின்கான்சென் அதிவேக ரயிலின் இருக்கைக்கான வெள்ளிச் சாம்பல் நிறத் துணியை எடுத்துப் போட்டே அதை வேறுபடுத்திக் காட்டினார்கள். இங்கும் அறிவிப்பைவிடத் துணியே முந்திக்கொண்டது.

யோதோகரை அவர்களின் கெய்ஹான் சான்றுக்கு எதிர்ச்சான்றும் உண்டு. யாமனோத்தே சுற்றுத்தடத்தில் 1990 முதல் ஆறு கதவுப் பெட்டிகளை இணைத்து, வேலை நாள்களில் காலை பத்து மணிவரை அவற்றின் இருக்கைகளைச் சுவரோடு மடித்துப் பூட்டி வைத்தார்கள். அமரவே முடியாத பெட்டி! அதைக் கடிந்துகொண்டவர்கள் பலர் உண்டு. ஆனால் அது எல்லாரையும் நிகராக நிற்க வைத்தது. அதனால்தானோ என்னவோ, எனக்கு அதன்மீது தனிப் பற்று. நடைமேடைக் கதவுகள் வந்தபோது, 2011-க்குள் அவையும் அத்தடத்திலிருந்து நீக்கப்பட்டன.

கேள்வியாளர்: வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. நடுவிடத்துக்கு நிறம் மாற்றிய உத்தி, காத்திருப்புக் கூடங்களுக்கு இருக்கை வரையும் எனக்கு உடனே பயன்படக்கூடியது. இன்னும் ஒன்று: மாலையில் எதிர்த் தடத்தில் இருவர் இருவராகத் திசை நோக்கி அமர்ந்து செல்லும் ரயிலொன்றைக் காண்கிறேன், பகலில் அதே ரயில் நீள இருக்கையோடு ஓடுவதாக உடன் பணிபுரிபவர் சொன்னார். அது எவ்வாறு இயலும்?

மறுமொழி: தண்டவாளத்தான்

தாங்கள் கண்டது இருவகையாகவும் திரும்பும் இருக்கை. 1996-இல் கின்தெத்சு நிறுவனம் தொடங்கி வைத்தது. டோக்கியோ வட்டாரத்தில் 2008-இல் தோபு நிறுவனத்தின் 50090 வரிசை முதலில் கொண்டுவந்தது. பின்னர் செய்பு, கெய்யோ முதலியவை பின்பற்றின. இருவர் அமரும் இருக்கை ஒவ்வொன்றும் ஒரு சுழல் அச்சின்மேல் நிற்கிறது. ஓட்டுநர் அறையிலிருந்து இயக்கினால் பெட்டியிலுள்ள அத்தனையும் ஒருசேரத் திரும்பிச் சுவரோடு நீளவாட்டில் சேர்ந்துகொள்ளும், அல்லது ரயில் செல்லும் திசையை நோக்கும். இதற்கும் விலை உண்டு: கதவுகளுக்கிடையே மூன்று இணைகளே பொருந்துவதால் எழுவருக்குப் பதில் அறுவர்தாம் அமரலாம், தலைவரை உயர்ந்த சாய்வு நீளவாட்டில் இருக்கும்போது சன்னலையும் மறைத்துவிடும். திசை நோக்கித் திரும்பியிருக்கும் நேரத்தில் பெரும்பாலும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

யோதோகரை அவர்கள் சுட்டியது சரியே. டோக்கியோவில் இட நெருக்கடி மட்டுமன்றி, போட்டியின்மையும் நீள இருக்கையைக் காப்பாற்றி வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யோகோசுகாத் தடத்தின் பழைய இ217 ரயில்களில் சில பெட்டிகளிலாவது எதிரெதிர்க் குறுக்கு இருக்கைகள் இருந்தன. 2020-இல் வந்த இ235-இன் சாதாரணப் பெட்டிகளில் அவையும் இல்லை. அதே நேரம், சூவோ விரைவுத் தடத்தில் 2025 மார்ச் முதல் இரண்டு ஈரடுக்குப் பெட்டிகளைச் சேர்த்து, சாய்ந்துகொள்ளும் இருக்கைகளைத் தனிக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். ஐசி அட்டையில் (நிலைய வாயிலில் தொட்டுச் செல்லும் கட்டண அட்டை) முன்கூட்டியே பெற்றால் 50 கிலோமீட்டர்வரை 750 யென். ரயிலில் ஏறிய பின் வாங்கினால் கூடுதல். பொதுப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்ட வசதியைப் பக்கத்துப் பெட்டியில் விற்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

தங்கள் தடம் எதுவென்று குறிப்பிடவில்லை. தோபு தோஜோத் தடமாக இருந்தால், இகெபுகுரோவிலிருந்து மாலையில் புறப்படும் டிஜே லைனர் என்ற தனிக் கட்டண ரயிலில் மேற்சொன்ன 50090 வரிசையே ஓடுகிறது; காலையில் நகரை நோக்கி வருவதும் உண்டு. திரும்பும் இருக்கையின் அச்சைப் பார்க்க விரும்பினால் அதே ரயிலைப் பகலில் பிடியுங்கள்; நீளவாட்டில் நிற்கும்போது இணைகளுக்கிடையே உள்ள இடைவெளியிலிருந்து அதன் அமைப்பு நன்றாகப் புலப்படும்.